சில்லறை ஹிட்டுகளின் ரசிகை

போன வாரம் என் பெண் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அம்மா, இதுவரைக்கும் ஆடின மாரினர்ஸ்ல உனக்கு ரொம்பப் பிடிச்சது யாரு? ஒரே ஒரு பேர்தான் சொல்லணும்."

மாரினர்ஸ் எங்கள் சியாட்டில் ஊர் பேஸ்பால் அணி. அவளுடைய பதில் எனக்குத் தெரியும். கேல் ராலி. 2025இல் 60 ஹோம் ரன் (நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி) அடித்தவர். அதுவும் கேட்சராக, அதாவது விக்கெட் கீப்பர் மாதிரி பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவராக, ஒவ்வொரு ஆட்டத்திலும் மணிக்கணக்கில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்த முழங்கால்களோடு. அந்த வருடம் ஹோம் ரன் போட்டியில் அவருக்கு அப்பா பந்து வீச, தம்பி பின்னால் உட்கார்ந்து பிடிக்க, குடும்பமாக வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்து வயதுப் பெண்ணுக்கு வேறு என்ன வேண்டும்?

நான் "இச்சிரோ" என்றேன்.

"அவர் ஹோம் ரனே அடிக்க மாட்டாரே?"

இச்சிரோ ஜப்பானிலிருந்து வந்து மாரினர்ஸுக்கு ஆடியவர். அமெரிக்காவில் அவர் அடித்த ஹோம் ரன் மொத்தம் 117. பத்தொன்பது சீசனில். ராலி இரண்டு வருடத்தில் அதைத் தொட்டுவிடுவார் போலிருக்கிறது. அவளுக்குச் சொல்ல ஆரம்பித்து, சாப்பாட்டு நேரம் வந்து, பாதியில் நின்றுபோனது. மீதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் சியாட்டில் பக்கம் வந்தது 2004 மே மாதம். கல்யாணமாகி இரண்டு மாதம். என் விசாவில் வேலை பார்க்க முடியாது, கார் ஓட்டத் தெரியாது, கணவர் காலை எட்டு மணிக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவார். மதுரையில் நாள் முழுக்க யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். இங்கே பால்கனியில் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்துப் பால்கனிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கீழ் வீட்டில் போயிங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தனி ஆள். சாயங்காலமானால் வாசலில் நாற்காலி போட்டு ரேடியோவைத் திருப்பி வைப்பார். ஏதோ வர்ணனை. ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே! ரொம்ப நேரம் சும்மா பேசிக்கொண்டே போகும், வானம் எப்படி இருக்கிறது என்று சொல்லும், திடீரென்று எகிறும், "மை ஓ மை!" என்று கத்தும். எனக்கு அப்பாவின் டிரான்சிஸ்டர்தான் நினைவுக்கு வந்தது. சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடந்தால் அப்துல் ஜப்பார் அவர்களின் தமிழ் வர்ணனையைக் காதோடு வைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பார். யாரும் குறுக்கே பேசக்கூடாது. அதே மாதிரியான குரல் இது. டேவ் நீஹவுஸ் என்ற பெயர் அப்புறம்தான் தெரிந்தது. 1977இல் அணி தொடங்கிய நாளிலிருந்து 2010இல் சாகும்வரை அவர்தான் மாரினர்ஸின் குரல்.

நான் மேலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதைப் பெரியவர் கவனித்துவிட்டார். ஒரு நாள் கையால் சைகை காட்டிக் கீழே கூப்பிட்டார். போனேன். மடியில் ஒரு அட்டை, அதில் கட்டம் கட்டமாகப் போட்ட தாள், சீவித் தீர்ந்து விரல் நீளம் மிஞ்சிய பென்சில். ஸ்கோர் கார்டு. பேஸ்பால் எனக்குப் பிடிபட்டது அந்தத் தாளில்தான், ஆட்டத்தைப் பார்த்து அல்ல.

அந்தக் கட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைதானத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் உண்டு. பேட்டர் வரிசையாக ஓடித் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ், மூன்றையும் தொட்டு ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். பந்து வீசும் பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்காரர் 3, இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, ரைட் ஃபீல்டர் 9. பேட்டர் அடித்த பந்து தரையில் உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் போய், அவர் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினால், கட்டத்துக்குள் 6-3. அவ்வளவுதான். அடிக்க வேண்டிய பந்தை விட்டால் ஸ்டிரைக், மூன்று சேர்ந்தால் அவுட். மூன்றாவது ஸ்டிரைக்குக்கு மட்டையை வீசித் தவறவிட்டால் K. வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே K, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி. பேசாமல் நின்றவனுக்குத் தனியாக ஒரு எழுத்து வைத்திருக்கிறார்களே என்று எனக்கு அன்றைக்கு ஒரே சிரிப்பு.

அந்த வாரம் அப்பாவுக்குப் போன் செய்தபோது இதையெல்லாம் சொன்னேன். காலிங் கார்டு காலம், நிமிடத்துக்குக் காசு. அப்பாவின் முதல் கேள்வி: "ஏம்மா, அடிச்சுட்டு மட்டையைத் தூக்கிப் போட்டுட்டு ஓடுறானாமே? மட்டையில்லாம என்ன ஓட்டம்?" இரண்டாவது கேள்வி: "ஓடுறானா, இல்ல பந்தைப் பார்த்துட்டு நிக்கிறானா?" அப்பாவிடம் ஆட்டக்காரர்களுக்கு இருந்த ஒரே அளவுகோல் இது. நூறு அடித்தவனாக இருந்தாலும், பந்து போவதைப் பார்த்து ரசித்துக்கொண்டு நின்றுவிட்டுத் தாமதமாக ஓடினால் தீர்ந்தது, அவன் ஆட்டக்காரனே இல்லை.

அந்த அளவுகோலோடு நான் பார்த்த முதல் ஆள் இச்சிரோ. இடது கை பேட்டர். அந்தப் பக்கம் நிற்பவருக்கு முதல் பேஸ் ஓரிரண்டு எட்டு கிட்டம். அதற்குமேல் இவர் ஒரு வேலை செய்வார். மட்டையை வீசும்போதே உடம்பு முதல் பேஸ் பக்கம் சாய்ந்துவிடும். பந்து மட்டையை விட்டுக் கிளம்புவதற்கும் இவர் கிளம்புவதற்கும் இடையில் நூல் இடைவெளி. முதல் பேஸ் 90 அடி தூரம். சும்மா உருண்டுபோகிற பந்துதான், வேறு யார் அடித்திருந்தாலும் 6-3. ஆனால் ஷார்ட்ஸ்டாப் குனிந்து எடுக்கும்போது பதறுவது தெரியும். எடுத்தேன் எறிந்தேன் என்று இருக்க வேண்டும், ஒரு மூச்சு தாமதித்தால் இச்சிரோ பேஸைத் தாண்டி ஓடிக்கொண்டிருப்பார். இப்படி ஒன்று, இடைவெளி பார்த்துத் தட்டிவிட்டது ஒன்று, மூன்றாவது பேஸ்காரர் தலைக்கு மேல் எம்பவைத்தது ஒன்று. அடித்துவிட்டு இப்படிப் பத்திரமாக பேஸை எட்டினால் அது ஒரு ஹிட். அந்த வருடம் மே மாதம் 50 ஹிட், ஜூலையில் 51, ஆகஸ்டில் 56.

பெரியவருக்கு இதில் அவ்வளவு மரியாதை கிடையாது. "சில்லறை" என்பார். அவர் சொன்ன ஆங்கில வார்த்தை வேறு, எனக்குள் அது சில்லறை என்றுதான் விழுந்தது. அந்த வருடத்து 262 ஹிட்டில் 225 வெறும் சிங்கிள், முதல் பேஸோடு நின்றவை, என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்கு மாரினர்ஸின் எட்கர் மார்ட்டினெஸ்தான் சாமி. 1995 அக்டோபர் 8, நியூயார்க் யாங்கீஸ் அணியோடு பிளேஆஃப் (சீசன் முடிந்து நடக்கும் கோப்பைச் சுற்று) ஐந்தாவது ஆட்டம், 11ஆவது இன்னிங்ஸ், இடது பக்கக் கோட்டை ஒட்டி எட்கர் அடித்த டபுளில் (இரண்டாம் பேஸ்வரை போகும் அடி) முதல் பேஸிலிருந்து கென் கிரிஃபி ஜூனியர் ஹோம்வரை ஓடி வந்து அணி ஜெயித்த கதையை எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அணியே ஊரை விட்டுப் போய்விடும் என்று பேச்சிருந்த காலம் அது. அந்த சீசனுக்குப் பிறகுதான் புது மைதானம் கட்டப் பணம் கிளம்பியது. கதையின் முடிவில் கிரிஃபி எப்படிச் சறுக்கினார் என்று காட்டுவதற்கு நாற்காலியிலிருந்து பாதி எழுவார், முழங்கால் வலித்து உட்கார்ந்துவிடுவார்.

எட்கரைப் பற்றி அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. அவருக்கு ஒரு கண் விலகிப் பார்க்கும் குறை உண்டு. இரண்டு கண்ணும் சேராவிட்டால் பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று தெரியாது. மணிக்கு 95 மைலில் வரும் பந்துக்கு முன்னால் நின்று யோசித்துப் பாருங்கள். அதற்காக ஒவ்வொரு நாளும் கண்ணுக்குப் பயிற்சி செய்வாராம். டென்னிஸ் பந்துகளில் எண் எழுதி, இயந்திரம் அவற்றை வீச, வருகிற பந்தின் எண்ணைப் படிக்க வேண்டும். இப்படிக் கண்ணைப் பழக்கியவர் 18 சீசன் ஆடி .312 சராசரி, அதாவது பத்துத் தடவைக்கு மூன்று ஹிட்டுக்கு மேல், வைத்தார். அதிலும் பெரும்பகுதி டெசிக்னேட்டட் ஹிட்டர், அதாவது பேட்டிங் மட்டும், ஃபீல்டிங் கிடையாது. பாதி ஆட்டம்தானே ஆடினார் என்று சொல்லியே பேஸ்பாலின் பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு வருடா வருடம் ஓட்டுப் போடாமல் இழுத்தடித்தார்கள். பத்தாவது வருடம், கடைசி வாய்ப்பில், 2019இல் உள்ளே போனார். அவரைத்தான் அடக்கவே முடியவில்லை என்று சொன்ன யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேராவும் அதே மேடையில், அதே நாளில்.

சரி, 2004க்கு வருகிறேன். அந்த வருடம் மாரினர்ஸ் 99 ஆட்டம் தோற்றது. கேவலமான சீசன். ஜூலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை, மைதானத்தில் நாற்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல். 1920இல் ஜார்ஜ் சிஸ்லர் ஒரே சீசனில் அடித்த 257 ஹிட்டை 84 வருடமாக யாரும் தாண்டவில்லை. இச்சிரோ 256இல் நின்றார். பெரியவர், "சில்லறைதான், இருந்தாலும் பார்க்கணும்" என்று மூன்று டிக்கெட் வாங்கிவந்தார். உச்சி மாடி இருக்கை. பக்கத்தில் ரயில் போகும்போதெல்லாம் ஊதல் சத்தம். சைவக்காரிக்கு அங்கே சாப்பிடக் கிடைத்தது பூண்டு போட்ட உருளைக்கிழங்கு வறுவல், மூன்று நாள் கையில் மணந்தது.

அன்றைக்கு ஸ்கோர் கார்டை என்னிடம் கொடுத்துவிட்டார். முதல் இன்னிங்ஸில் மூன்றாவது பேஸ்காரர் தலைக்கு மேல் எம்பியது ஒரு பந்து. 257. மூன்றாவது இன்னிங்ஸில் பிட்சரைத் தாண்டி நடுவே உருண்டது இன்னொன்று. 258. வாணவேடிக்கை வெடிக்க, சக ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஓடிப்போய் அவரை மூடிக்கொண்டார்கள். அதிலிருந்து விடுபட்டவர் முதல் பேஸ் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் ஓடினார். சிஸ்லரின் மகள், 81 வயது. தன் அப்பாவின் பெயரை ஏட்டிலிருந்து எடுத்தவன் தொப்பியைக் கழற்றிக் குனிந்து கை கொடுக்கிறான், அந்தம்மா சிரிக்கிறார். சிஸ்லர் இறந்தது 1973 மார்ச்சில், இச்சிரோ பிறந்தது அதே வருடம் அக்டோபரில். பிறகு 2009இல் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்காக செயின்ட் லூயிஸ் போனபோது மனைவியோடு சிஸ்லரின் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தார்.

நான் கட்டத்தில் சின்னக் கோடு இழுத்து, சிங்கிளுக்கு அடையாளமாக 1B என்று எழுதினேன். கை நடுங்கி B எட்டு மாதிரி விழுந்துவிட்டது. அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

மறுநாள் அதே மைதானத்தில் எட்கருக்கு வழியனுப்பு விழா. அரங்கத்தை ஒட்டிய சாலைக்கு அவர் பெயரை வைப்பதாக அறிவித்தார்கள். கீழ் வீட்டில் டிவியில் பார்த்தோம். பெரியவர் மூக்கைச் சிந்தினார். கேட்டால் சளி என்றார்.

இச்சிரோவைப் பிடிக்காதவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. நாலு மோசமான பந்தை விட்டுவிட்டுச் சும்மா முதல் பேஸுக்கு நடக்கும் வாக் வாங்க மாட்டார், எந்தப் பந்தையும் அடிக்கப் போவார். சிஸ்லருக்கு அந்த வருடம் 154 ஆட்டம்தான், இவருக்கு 162 ஆட்டம் கொண்ட சீசன். அணி தோற்கும்போது இவர் தன் கணக்கைப் பார்க்கிறார் என்ற முணுமுணுப்பு வேறு. இந்தக் கடைசிக் குற்றச்சாட்டை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. தோற்கிற அணியில் ஒருவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் அது சுயநலம் என்றால், வேறு என்னதான் செய்யச் சொல்கிறார்கள்? தோற்றாலும் டிக்கெட் விலை குறையவில்லையே.

அப்புறம் அந்த மொழிபெயர்ப்பாளர் விஷயம். கடைசிவரை பேட்டிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டார். இத்தனை வருடமாகியும் ஆங்கிலம் வரவில்லையா என்று கேலி பேசியவர்கள் உண்டு. நன்றாகவே வந்தது. ஸ்பானிஷ்கூடக் கற்றுக்கொண்டு, பேஸில் நிற்கும் லத்தீன் அமெரிக்க வீரர்களிடம் ஸ்பானிஷிலேயே வம்பு பேசுவார். பொதுவில் சொல்வது தப்பில்லாமல் வர வேண்டும், அவ்வளவுதான். இது எனக்கு ரொம்பப் புரிந்தது. வந்த புதிதில் ஒரு கடையில் நான் சொன்ன வாக்கியத்தை மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். நான்காவது தடவை வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வெகுநாள் எங்கே போனாலும் கணவரைப் பேசவைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன்.

ஜப்பானியர்களுக்கு அவர்மேல் உள்ள பிரியம் வேறு கணக்கு. ஒரு தடவை ரைட் ஃபீல்டு பக்கம் பக்கத்து இருக்கையில் கோபே ஊர்ப் பெண்மணி ஒருவர். 1995 ஜனவரியில் அந்த ஊரைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது, ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இச்சிரோ அப்போது அந்த ஊர் அணியான ஓரிக்ஸில். "தளராதே கோபே" என்ற பொருளில் ஜப்பானிய வாசகத்தைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டு அந்த வருடம் முழுக்க ஆடினார்கள், பசிபிக் லீகை ஜெயித்தார்கள், மறு வருடம் ஜப்பான் சாம்பியன். அந்தப் பெண்மணி இதை அழுது சொல்லவில்லை. கடலை உரித்துக்கொண்டே, எங்கள் தெருவில் அப்போது குழாயில் தண்ணீர்கூட வரவில்லை, மேட்ச் மட்டும் நடந்தது, என்றார்.

இதெல்லாம் எங்கள் அம்மாவிடம் எடுபடாது. அம்மாவுக்கு இச்சிரோவைப் பிடித்த காரணம் ஒன்றுதான். வருடக்கணக்கில் தினமும் காலையில் மனைவி செய்துகொடுக்கும் கறிக்குழம்புச் சோறுதான் அவர் சாப்பாடு என்று ஜப்பான் தொலைக்காட்சியில் காட்டி அது பெரிய பேச்சானது. அதை நான் சொன்னதும் அம்மா, "பாரு, பழையதைத் தின்னு வயல்ல வேலை பார்த்தவங்க மாதிரி இருக்கான்" என்று உடனே குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்.

ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸையும் சொல்லாமல் விட முடியாது. வெனிசுவேலாவிலிருந்து வந்த பையன், 19 வயதில் இங்கே முதல் ஆட்டம். 2010இல் 13 வெற்றி 12 தோல்வி என்ற கணக்கோடு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். அவர் அவ்வளவு நன்றாக வீசினார், எங்கள் பேட்டர்கள் அவ்வளவு மோசமாக ஆடினார்கள். 2012 ஆகஸ்ட் 15, புதன்கிழமை மத்தியானம், ஒரு பேட்டரைக்கூட பேஸில் ஏறவிடாமல் 27 பேரையும் வரிசையாக அனுப்பினார். மாரினர்ஸ் வரலாற்றில் ஒரே பெர்ஃபெக்ட் கேம், 1-0. நான் மளிகைக் கடைக் கார் நிறுத்தத்தில், இஞ்சினை அணைத்துவிட்டு, ரேடியோவை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின் சீட்டில் பாலும் தயிரும் வெயிலில். பக்கத்துக் காரிலும் ஒருவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசிப் பேட்டர் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், மூன்றாவது ஸ்டிரைக். திருப்பிப் போட்ட K. பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துக் கத்தினார், நானும் கத்தினேன். தயிர் புளித்துத்தான் போனது. வேறு அணிக்குப் போயிருந்தால் ஃபெலிக்ஸ் எங்கேயோ போயிருப்பார். போகவில்லை. ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடாமலே முடித்துக்கொண்டார்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் இச்சிரோவை யாங்கீஸுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஜூலை 23. அன்று யாங்கீஸ் ஆடவேண்டியதே சியாட்டிலில். பதினொன்றரை வருடம் ஆடிய மைதானத்தில், எதிரணியின் சாம்பல் நிறச் சட்டையில், 51 போய் 31 எண்ணோடு வந்து நின்றார். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். அப்புறம் என்ன செய்தார்? வழக்கம்போல நடுவே ஒரு சிங்கிள், உடனே பிட்சர் வீசும் சமயம் பார்த்து ஓடி இரண்டாவது பேஸைத் திருடினார். என் கணவர், "வேற டீமுக்குப் போயிட்டாரு, இன்னும் ஏன் கைதட்டுறாங்க?" என்றார். பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

2025இல் ஹால் ஆஃப் ஃபேம். 394 ஓட்டில் 393. ஓட்டுப் போடாத அந்த ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், சேர்ந்து ஒரு கிளாஸ் குடிக்கலாம் என்றார். ஜூலையில் மேடையேறி முழுக்க ஆங்கிலத்தில் பேசும்போது, அந்த அழைப்பு காலாவதியாகிவிட்டது என்று சிரிக்கவைத்தார். ஓய்வு பெற்ற பிறகு முதன்முறையாக மனைவியோடு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து ஹாட் டாக் சாப்பிட்டுக்கொண்டே மேட்ச் பார்த்ததையும் சொன்னார். அத்தனை வருடமும் அந்தம்மா தனியாகத்தானே உட்கார்ந்திருப்பார்.

பெரியவர் முழங்கால் வலிக்குச் சூடு நல்லது என்று அரிசோனா போய்விட்டார். மாரினர்ஸின் வசந்தகாலப் பயிற்சி நடக்கும் ஊர் பக்கத்தில்தான் என்பதை மட்டும் எங்களிடம் சொல்லாமல் மறைத்தார். அவர் போகும்போது கொடுத்த அட்டையில்தான் 2019 மார்ச் 21 ஆட்டத்தைக் குறித்தேன்.

டோக்கியோ டோம். எங்களுக்கு அதிகாலை இரண்டரை மணி. இச்சிரோவுக்கு 45 வயது, இதுதான் கடைசி ஆட்டம் என்று செய்தி கசிந்திருந்தது. வீடு தூங்குகிறது, ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறேன், காப்பி ஆறிவிட்டது. மூன்று தடவை வந்தார், ஹிட் இல்லை. எட்டாவது இன்னிங்ஸில் நான்காவது தடவை. பந்து மெதுவாக ஷார்ட்ஸ்டாப் பக்கம் உருண்டது. பழைய உருட்டல், 2004இல் நூறு தடவை பார்த்தது. ஓடினார். ஷார்ட்ஸ்டாப் எடுத்து எறிந்தார். நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன்.

அவுட். அரை எட்டு.

கொஞ்ச நேரத்தில் அவரை வெளியே கூப்பிட்டார்கள், ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தார்கள், இளம் பிட்சர் கிகுச்சி தேம்பி அழுதார். நான் கட்டத்துக்குள் 6-3 என்று எழுதிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். மதுரையில் சாயங்காலம்.

"என்னம்மா, இந்நேரத்துக்கு? அங்க விடியலையே?"

"இச்சிரோ கடைசி ஆட்டம்பா. அவுட் ஆயிட்டார்."

"எப்படி?"

சொன்னேன். அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஓடினானா?"

"ஓடினார்ப்பா."

"சரி, வை. காசு ஏறும்" என்றார். வாட்ஸ்அப் அழைப்புக்குக் காசு கிடையாது என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது.